பிளாக் சபாத்தோட '13' ஆல்பத்தைப் புதுசா கேக்கப் போறீங்களா? எங்க ஆரம்பிக்கணும், ரிவ்யூவை எப்ப படிக்கணும்

ராக் மியூசிக் பக்கம் புதுசா வர்றவங்க நிறைய பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கறாங்க, பேண்டு பேரைத் தேடுவாங்க, கண்ணுல முதல்ல படுற ஸ்டார் ரேட்டிங்கைப் பாப்பாங்க, மூணு ஸ்டார்தானா, அப்ப நமக்கு எதுக்குன்னு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. புது பேண்டுன்னா அது ஓரளவுக்கு சரியா வரலாம். ஆனா நாப்பது வருஷமா பாடிட்டு இருக்கற ஒரு பேண்டு வயசான காலத்துல ஒரு ஆல்பம் போடும்போது அந்த மூணு ஸ்டார், நாலு ஸ்டாரெல்லாம் வேற கணக்கு. அங்க விமர்சகர் கையில ஒரு பழைய அளவுகோல் இருக்கும், அது என்னன்னு தெரியாம அந்த ஸ்டாரைப் படிச்சா ஒண்ணும் புரியாது. அதனால ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கிட்டு எப்படிக் கேக்கறது, அதோட விமர்சனத்தை எப்படிப் படிக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் முழுசா சொல்றேன். பிளாக் சபாத் 2013 ஜூன்ல வெளியிட்ட '13'. ஒரு லீவு நாள்ல ரெண்டு மணி நேரம் ஒதுக்க முடிஞ்சா போதும்.

தேடறதுக்கு முன்னாடி

வெறும் 13-ன்னு தேடாதீங்க, அதே பேர்ல பிளர்னு இன்னொரு இங்கிலாந்து பேண்டும் 1999-ல ஆல்பம் போட்டிருக்கு, இன்னும் பல பேர் போட்டிருக்காங்க, எதையாவது கேட்டுட்டு இதுதானா பிளாக் சபாத்னு நினைச்சிடுவீங்க. பேண்டு பேரையும் சேத்துத் தேடுங்க. இன்னொரு குழப்பமும் வரும், இவங்க பேண்டு பேரு பிளாக் சபாத், முதல் ஆல்பத்தோட பேரும் பிளாக் சபாத், அந்த ஆல்பத்துல முதல் பாட்டோட பேரும் பிளாக் சபாத்தான். யாராவது "பிளாக் சபாத் கேட்டியா"ன்னு கேட்டா எதைக் கேக்கறாங்கன்னு திருப்பிக் கேட்டுக்கறது நல்லது.

அடுத்து ஆல்பத்தோட வெர்ஷன். சாதா வெர்ஷன்ல எட்டு பாட்டு, மொத்தம் 53 நிமிஷம் சொச்சம். டீலக்ஸ் வெர்ஷன்ல கூடுதலா மெத்தடெமிக், பீஸ் ஆஃப் மைண்ட், பரையா-ன்னு மூணு பாட்டு வரும். அந்த மூணும் நல்ல பாட்டுதான், அதுலயும் மெத்தடெமிக் நல்ல வேகம், ஆனா முதல் தடவை கேக்கும்போது எட்டாவது பாட்டோட நிறுத்திடுங்க, காரணம் கடைசில சொல்றேன். ஷஃபிளை அணைச்சிடுங்க, ஆட்டோபிளேயையும் அணைச்சிடுங்க. இது ரொம்ப முக்கியம், இந்த ஆல்பத்தை வரிசை மாத்திக் கேட்டா பாதி விஷயம் போயிடும்.

எதுல கேக்கறதுன்னா, தயவுசெஞ்சு போன் ஸ்பீக்கர்ல வேண்டாம். நான் முதல் தடவை ராத்திரி படுத்துக்கிட்டே போன்லதான் போட்டேன், எட்டு பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருந்துச்சு, கிதார் மட்டும் கரகரன்னு கேட்டுச்சு, பேஸ்னு கீழ் சுருதியில வாசிக்கற இன்னொரு கிதார் இருக்கறதே தெரியல. ரெண்டு மாசம் கழிச்சு ஃபிரெண்டு ஒருத்தன் ஹெட்போனைக் குடுத்து இதே ஆல்பத்தைப் போட்டான், அப்பதான் கிதாருக்குக் கீழ இன்னொரு ஆள் தனியா வேற ஒண்ணு வாசிச்சுட்டே போறது கேட்டுச்சு, அது கீஸர் பட்லரோட பேஸ். இந்த பேண்டுல பாதி கனம் அவர் கையிலதான் இருக்கு. விலை கம்மியான ஒயர் ஹெட்போன் இருந்தாலே போதும்.

முதல் ஆறு நிமிஷம் 1970-ல ஆரம்பிங்க

'13'-ஐ போடறதுக்கு முன்னாடி முதல் ஆல்பத்தோட முதல் பாட்டைக் கேளுங்க. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்த ஆல்பம் அது. ஸ்டூடியோவுல ஏறக்குறைய ஒரே நாள்ல வாசிச்சு முடிச்சாங்க, அன்னைக்கு நாலு பேரும் இருபதுகளோட தொடக்கத்துல இருந்த பசங்க, பர்மிங்காம்ல ஆஸ்டன்னு தொழிற்சாலைங்க நிறைஞ்ச ஏரியாவுல வளந்தவங்க. பாடறது ஓஸி ஆஸ்போர்ன், கிதார் டோனி ஐயோமி, பேஸ் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட்.

பிளே அமுக்குனதும் பாட்டு வராது, மழை வரும். மழைச் சத்தம், தூரத்துல ஒரு சர்ச் மணி, இடி. அரை நிமிஷத்துக்கு மேல அப்படியே போகும். அப்புறம் திடீர்னு கிதார் விழும், மூணே மூணு ஸ்வரம். நம்ம சங்கீதம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு ஈசியா சொல்லணும்னா, ச, மேல் ச, அங்கிருந்து இறங்கி பிரதி மத்யமம், அவ்வளவுதான். அந்த மூணாவது ஸ்வரம் ஒரு எடத்துலயும் உக்காராம தொங்கிக்கிட்டே இருக்கும், அந்த அமைதியில்லாத உணர்வுதான் பயத்தைக் குடுக்குது. பின்னாடி ஹெவி மெட்டல்னு உலகம் முழுக்கப் பேர் வாங்கின இசைக்கு இந்தப் பாட்டுதான் தொடக்கம்னு நிறைய பேர் சொல்வாங்க, நானும் அப்படித்தான் நம்பறேன்.

ஐயோமி பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சா அந்த சவுண்ட் எங்கிருந்து வந்துச்சுன்னு புரியும். பதினேழு வயசுல தகரம் வெட்டற ஃபேக்டரில வேலை பாத்துட்டு இருந்தார், வேலையை விட்டுட்டு மியூசிக்குக்குப் போகப் போறார், அன்னைக்குத்தான் கடைசி நாள். அன்னைக்கு மெஷின்ல கை மாட்டி வலது கையில நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போயிடுச்சு. அவர் இடது கைக்காரர், அதனால வலது கைதான் தந்தியை அமுக்கற கை. டாக்டருங்க இனிமே வாசிக்க முடியாதுன்னுட்டாங்க. அவர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி மாதிரி செஞ்சு, அது மேல லெதர் துண்டை ஒட்டி மாட்டிக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்சார். கெட்டி தந்தியை அமுக்கினா வலிக்கும், அதனால மெல்லிசான தந்தி போட்டார், அப்புறம் 1971-ல வந்த மூணாவது ஆல்பத்துல சுருதியையே ஒன்றரை கட்டை இறக்கினார், தந்தி தளர்ந்துச்சு, விரலுக்கும் சுலபமாச்சு, சத்தமும் கனமாச்சு. இன்னைக்கு உலகத்துல இருக்கற பாதி மெட்டல் பேண்டு சுருதியை இறக்கி வாசிக்குது, அது இந்தக் காயத்துல இருந்து வந்த பழக்கம். '13' கேக்கும்போது இந்தக் கையை மனசுல வெச்சுக்கோங்க.

அன்னைக்கு விமர்சகருங்க என்ன சொன்னாங்க

இந்த முதல் ஆல்பத்தை அப்ப விமர்சகருங்க கிழிச்சுத் தொங்க விட்டாங்க. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில லெஸ்டர் பேங்ஸ் இது கிரீம் பேண்டு மாதிரியே இருக்கு, ஆனா அதைவிட மோசம்ங்கற மாதிரி எழுதினார். ராபர்ட் கிறிஸ்ட்கவ் சி மைனஸ் போட்டார். ஆனா ஜனங்க வாங்கினாங்க, இங்கிலாந்துல எட்டாவது இடம் வரைக்கும் போச்சு, அதே வருஷம் வந்த ரெண்டாவது ஆல்பம் பேரனாய்டு முதலிடத்துக்கே போச்சு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அதே பேங்ஸ் 1972-ல க்ரீம்ங்கற இன்னொரு பத்திரிகையில இவங்களைப் பத்தி நீளமா, ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டு எழுதினார். ரெண்டே வருஷத்துல மனசு மாறிடுச்சு. மாத்திக்கிட்டதை வெளிப்படையா எழுதற விமர்சகர் மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி.

இதை எதுக்கு சொல்றேன்னா, 2013-ல '13' வந்தப்ப ஏறக்குறைய எல்லா ரிவ்யூவும் அதை 1970 ஆல்பங்களோட பக்கத்துல வெச்சுத்தான் அளந்துச்சு. அதாவது அன்னைக்குக் குப்பைன்னு தூக்கிப் போட்ட ஆல்பம்தான் இன்னைக்கு அளவுகோல். இது மனசுல இருந்தா ரிவ்யூ படிக்கறதே வேற மாதிரி ஆயிடும்.

நடுவுல நடந்த கதை, சுருக்கமா

1978-ல வந்த நெவர் சே டை-க்கு அப்புறம் 1979-ல ஓஸியை பேண்டை விட்டு அனுப்பிட்டாங்க, குடி, போதைன்னு நிலைமை அப்படி இருந்துச்சு. ரானி ஜேம்ஸ் டியோ பாட வந்தார், 1980-ல ஹெவன் அண்ட் ஹெல்னு அருமையான ஆல்பம், அதைத் தனியா ஒரு நாள் கேளுங்க, இப்ப வேண்டாம். அப்புறம் பாடகருங்க மாறிக்கிட்டே இருந்தாங்க, 1995-ல ஃபர்பிடன்னு ஒரு ஆல்பத்தோட ஸ்டூடியோ கதை நின்னு போச்சு. ஓஸி தனியா பெரிய ஸ்டார் ஆயிட்டார். 2001-ல தயாரிப்பாளர் ரிக் ரூபினோட சேந்து ஒரு ஆல்பம் ஆரம்பிச்சு பாதில கைவிட்டாங்க.

2011 நவம்பர் 11-ம் தேதி, அதாவது 11-11-11, லாஸ் ஏஞ்சல்ஸ்ல விஸ்கி அ கோ கோ-ங்கற கிளப்ல நாலு பேரும் ஒண்ணா உக்காந்து புது ஆல்பம் வரப்போகுதுன்னு அறிவிச்சாங்க. ரசிகருங்களுக்குத் தலைகால் புரியல. ஆனா ரெண்டே மாசத்துல, 2012 ஜனவரில, ஐயோமிக்கு லிம்ஃபோமா புத்துநோய்னு செய்தி வந்துச்சு. பிப்ரவரில பில் வார்ட் தனக்குக் கையெழுத்து போடற மாதிரி காண்டிராக்ட் வரலன்னு சொல்லி விலகிட்டார். நாலு பேர் மூணு பேர் ஆனாங்க, அதுல ஒருத்தருக்குப் புத்துநோய். சிகிச்சைக்கு நடுவுல நடுவுலதான் ஐயோமி இந்த ரிஃப்பெல்லாம், அதாவது பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற கிதார் துண்டெல்லாம், எழுதினார். டிரம்ஸுக்கு ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் பேண்டோட பிராட் வில்க் வந்தார். கலிஃபோர்னியால மாலிபூங்கற கடலோர ஊர்ல ஷாங்ரி-லா ஸ்டூடியோவுல ரெக்கார்டிங்.

ரூபின் என்ன பண்ணாருன்னா, இவங்களை உக்கார வெச்சு அந்த முதல் ஆல்பத்தையே போட்டுக் காமிச்சு, ஹெவி மெட்டல்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துடுங்க, அது இல்லாத காலத்துல நீங்க எப்படி வாசிச்சீங்களோ அப்படி வாசிங்கன்னார். கீஸர் பின்னாடி ஒரு பேட்டியில இதைச் சொல்லி, அது ஒரு வினோதமான அனுபவம், ஆல்பத்துல கொஞ்சம் பிடிச்சுது, கொஞ்சம் பிடிக்கலன்னார். அந்த மெட்டலையே கண்டுபிடிச்ச ஆளுங்க கிட்ட போய் அதை மறந்துடுங்கன்னா எப்படி இருக்கும்! ஆனா ரூபின் கேட்டதுல ஒரு நியாயமும் இருக்கு, முதல் ஆல்பத்துல இருக்கறது மெட்டலைவிட புளூஸும் ஜாஸும்தான் ஜாஸ்தி, அந்தத் தளர்வுதான் அவருக்கு வேணும்.

இப்ப '13', எந்த ரிவ்யூவும் படிக்காம

எட்டு பாட்டையும் ஒரே மூச்சுல கேளுங்க. கைல ஒரு பேப்பர் வெச்சுக்கோங்க, பாட்டு பேருக்கு நேரா ரெண்டு மூணு வார்த்தை மட்டும் எழுதுங்க, "நீளம்", "இங்க சிலிர்த்துச்சு", "குரல் சரியில்ல", எதுவானாலும் சரி. பின்னாடி ரிவ்யூ படிக்கும்போது இந்தப் பேப்பர்தான் உங்க கைல இருக்கற சாட்சி. எழுதி வெக்கலன்னா விமர்சகர் சொன்னதுதான் உங்க கருத்துன்னு நீங்களே நம்ப ஆரம்பிச்சிடுவீங்க, எனக்கு அப்படிப் பல தடவை ஆயிருக்கு.

எண்ட் ஆஃப் தி பிகினிங்ல ஆரம்பிக்கும். மெதுவா, பாறாங்கல்லை இழுத்துட்டு வர்ற மாதிரி கிதார், அது அடங்கி ஓஸி குரல் தனியா வரும், இது ஆரம்பத்தோட முடிவா, முடிவோட ஆரம்பமான்னு கேப்பார். முதல் ஆல்பம் கேட்ட காதுக்கு உடனே தெரியும், அதே கட்டுமானம், மெதுவா பயமுறுத்திட்டு அப்புறம் வேகம் பிடிக்கறது. அடுத்தது காட் இஸ் டெட்?, கிட்டத்தட்ட ஒம்பது நிமிஷம், இதைத்தான் ஏப்ரல்ல முதல் சிங்கிளா விட்டாங்க. தலைப்புல அந்தக் கேள்விக்குறி முக்கியம், கீஸர் எழுதின வரிகள், கடவுள் செத்துட்டாரான்னு ஒருத்தன் குழம்பிக்கிட்டு திரியறான், அவ்வளவுதான், நாத்திகப் பிரசாரம் இல்ல. கடைசி ரெண்டு மூணு நிமிஷத்துல ரிஃப் மாறி ஓட ஆரம்பிக்கும் பாருங்க, அதுக்காகவே முன்னாடி இருக்கற ஆறு நிமிஷமும் பொறுக்கலாம்.

லோனர் சுமார் அஞ்சு நிமிஷப் பாட்டு, நேரா போகும், முதல் ஆல்பத்துல என்.ஐ.பி-ன்னு ஒரு பாட்டு இருக்கு, அதோட ஜாடை இதுல இருக்கும். ஸைட்கைஸ்ட் அமைதியான அக்கௌஸ்டிக் பாட்டு, கையால தட்டற தாளம், விண்வெளில மிதக்கற மாதிரி வரிகள். பேரனாய்டு ஆல்பத்துல பிளானட் கேரவன்னு ஒரு பாட்டு இருக்கு, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டீங்கன்னா அண்ணன் தம்பின்னே சொல்லிடுவீங்க. ஏஜ் ஆஃப் ரீசன்தான் என் கணக்குல இந்த ஆல்பத்தோட உச்சம். அதுல கடைசில ஐயோமி தனியா வாசிக்கற சோலோவுக்கு ஹெட்போனை நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கோங்க, கீமோ எடுத்துக்கிட்டு இருந்த மனுஷன் வாசிச்சது அது, ஒரு ஸ்வரத்தைக்கூட அவசரமா விடல.

லிவ் ஃபாரெவர்ல ஓஸி எனக்குக் காலத்துக்கும் வாழணும்னு இல்ல, ஆனா சாகவும் இஷ்டமில்லன்னு பாடறார். அறுபத்தி நாலு வயசுல பாடினது. டேமேஜ்ட் சோல் சுத்தமான புளூஸ், ஓஸியே ஹார்மோனிகா ஊதறார், ரூபின் எதைத் தேடினாரோ அது இந்த ஒரு பாட்டுல முழுசா கிடைச்சிருக்கு, அறைக்குள்ள நாலு பேர் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு வாசிக்கற சத்தம். கடைசி டியர் ஃபாதர், சின்ன வயசுல பாதிரியார் ஒருத்தரால பாலியல் கொடுமைக்கு ஆளானவன் பேசற பாட்டு, கனமான விஷயம், மனசு சரியில்லாத நேரத்துல கேக்காதீங்க. அந்தப் பாட்டு முடியற எடத்துல சட்டுனு எழுந்து போயிடாதீங்க, கடைசி நொடி வரைக்கும் இருங்க.

சத்தம் ஏன் காதை அடைக்குது

பாதி ஆல்பம் தாண்டும்போது காது களைச்சுப் போனா உங்க மேல தப்பு இல்ல. மாஸ்டரிங்னு ஒரு வேலை இருக்கு, ரெக்கார்டிங், மிக்ஸிங் எல்லாம் முடிஞ்சு கடைசியா மொத்த ஆல்பத்தோட சத்தத்தையும் சீர் பண்றது. அதுல மெதுவா இருக்கற எடத்தையும் சத்தமா இருக்கற எடத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்து எல்லாத்தையும் உச்சத்துல வெச்சா, கடையில, கார்ல, ரேடியோல மத்த பாட்டைவிட இது எடுப்பா கேக்கும். ஆனா டிரம்ஸ் அடியோட அந்த "டங்"குங்கற கூர்மை மழுங்கிடும், மூச்சு விட எடமே இல்லாத மாதிரி ஆயிடும். ரூபின் தயாரிச்ச, மெட்டாலிகாங்கற மெட்டல் பேண்டோட டெத் மேக்னெடிக் ஆல்பம் 2008-ல வந்தப்ப இதுக்குப் பெரிய சண்டையே நடந்துச்சு, கிதார் ஹீரோ கேம்ல வந்த அதே பாட்டுங்க இவ்வளவு நசுங்காம இருக்கேன்னு ரசிகருங்க ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்து மனு போட்டாங்க. '13'-க்கும் இதே புகார் வந்துச்சு, என் காதுக்கும் அது நியாயமான புகார்தான்.

ஸ்ட்ரீமிங் ஆப் செட்டிங்ஸ்ல எல்லா பாட்டையும் ஒரே வால்யூமுக்குக் கொண்டு வர்ற வசதி இருக்கும், அதை ஆன் பண்ணி 1970 பாட்டையும் 2013 பாட்டையும் மாத்தி மாத்திப் போடுங்க. இப்ப சத்தம் சமமாயிடுச்சு, ஆனா பழைய பாட்டுல பில் வார்டோட டிரம்ஸ் துள்ளித் துள்ளி முன்னாடி வரும், புதுசுல டிரம்ஸ் கிதாரோட சுவத்துக்குள்ள புதைஞ்சு இருக்கும். வால்யூமைக் குறைச்சாலும் நசுங்கினது நசுங்கினதுதான். இந்த ஒரு சோதனையைப் பண்ணிட்டீங்கன்னா அடுத்து எந்த ரிவ்யூல மாஸ்டரிங்ங்கற வார்த்தை வந்தாலும் உங்களுக்கே காதுல கேக்கும்.

இப்ப ரிவ்யூவைத் தொறங்க

'13' வந்த வாரம் அமெரிக்காவுல பில்போர்டு லிஸ்ட்ல முதலிடம், முதல் வாரத்துல 1,55,000 காப்பி, அவங்க வரலாத்துலயே அமெரிக்காவுல முதல் தடவை நம்பர் ஒன். இங்கிலாந்துலயும் முதலிடம், அங்க இதுக்கு முன்னாடி முதலிடம் பிடிச்சது 1970-ல பேரனாய்டு, நடுவுல கிட்டத்தட்ட 43 வருஷம். 2014 ஜனவரில காட் இஸ் டெட்? பாட்டுக்கு மெட்டல் பிரிவுல கிராமி. விமர்சனம் பெரும்பாலும் நல்லதாதான் வந்துச்சு, ஆனா கொண்டாட்டமும் முணுமுணுப்பும் கலந்து. விக்கறது வேற, விருது வேற, விமர்சனம் வேற, மூணையும் ஒரே தட்டுல போட்டுக் குழப்பிக்காதீங்க, நம்பர் ஒன் ஆனதுல பாதி, முப்பத்தஞ்சு வருஷம் ஓஸிக்காகக் காத்திருந்த ரசிகருங்களோட பாசம்.

ஒவ்வொரு ரிவ்யூ படிக்கும்போதும் நான் முதல்ல தேடறது அந்த ஆள் எதோட ஒப்பிடறார்ங்கறதைத்தான். 1970-ல இருந்து 1975 வரைக்கும் வந்த ஆல்பங்களோட ஒப்பிட்டா இது ரெண்டு படி கீழதான், அதுல சண்டையே இல்ல. 1995-ல வந்த ஃபர்பிடனோட ஒப்பிட்டா மலை உச்சி. அதே 2013-ல வந்த மத்த மெட்டல் ஆல்பங்களோட ஒப்பிட்டா வேற பதில் வரும். அறுபது தாண்டினவங்க, அதுல ஒருத்தர் புத்துநோயோட, இவ்வளவு பண்ணிருக்காங்களேன்னு பாக்கறவர் கருணையா மார்க் போட்டிருப்பார். நாலு பேர் நாலு மார்க் போடறது இப்படித்தான், காது ஒண்ணுதான், அளவுகோல் வேற.

அடுத்து, எல்லா ரிவ்யூலயும் திரும்பத் திரும்ப வர்ற ஒரு குறை: தங்களையே காப்பி அடிச்சிருக்காங்க. இதுக்கு நீங்களே பதில் வெச்சிருக்கீங்க, லோனரும் என்.ஐ.பி-யும், ஸைட்கைஸ்ட்டும் பிளானட் கேரவனும் கேட்டுப் பாத்துட்டீங்களே. எனக்கு ஸைட்கைஸ்ட் விஷயத்துல இந்தப் புகார் சரின்னு படுது, பழைய பாட்டு செஞ்சதை இது திரும்பச் செய்யுது, கூட ஒண்ணும் சொல்லல, கடைசில வர்ற அந்த ஜாஸ் வாசனை சோலோ மட்டும் காப்பாத்துது. ஆனா எண்ட் ஆஃப் தி பிகினிங் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன், இருவது வயசுல பயத்தைப் பத்தி பாடினவங்க அறுபத்தி நாலுல அதே அமைப்புக்குள்ள நின்னு முடிவைப் பத்தி பாடறாங்க, அமைப்பு ஒண்ணா இருக்கறதாலதான் அந்த வித்தியாசமே தெரியுது. விமர்சகர் "காப்பி"ன்னு எழுதினா எந்தப் பாட்டை, எந்த எடத்துலன்னு சொல்றாரான்னு பாருங்க, சொல்லலன்னா அந்த வரியைத் தாண்டிப் போயிடலாம்.

டிரம்ஸ் பத்தின புகார் கொஞ்சம் ஆழமானது. பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளந்தவர், ஜீன் க்ருப்பா மாதிரி ஜாஸ் டிரம்மருங்களைப் பாத்துக் கத்துக்கிட்டவர், தாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நேரா போகாம கிதார் ஒண்ணு சொன்னா பதில் சொல்ற மாதிரி வாசிப்பார், கொஞ்சம் பின்தங்கி வந்து சேருவார், அந்தத் தள்ளாட்டம்தான் பிளாக் சபாத்தோட நடை. வில்க் கெட்டியான, நேரான ஆள், தப்பே இல்லாம வாசிச்சிருக்கார். அவரைக் குறை சொல்ல மனசு வரல, இன்னொருத்தர் நாக்காலில உக்காந்து வாசிக்கற வேலை அது. ஆனா டேமேஜ்ட் சோல் கேக்கும்போது இங்க வார்ட் இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நினைக்காம இருக்க முடியல. இந்தக் குறையை முதல் ஆல்பம் கேக்காத ஒருத்தரால கண்டுபிடிக்கவே முடியாது, அதனாலதான் 1970-ல ஆரம்பிக்கச் சொன்னேன்.

ஓஸி குரல் பத்தியும் எழுதியிருப்பாங்க, பழைய உயரம் இல்ல, எந்திரத்துல திருத்தின மாதிரி இருக்குன்னு. உயரம் இல்லங்கறது உண்மை. இந்த ஆல்பத்துல மெட்டுங்க அவர் குரலுக்கு ஏத்த மாதிரி கீழயே நடக்குது, எனக்கு அது பிடிச்சிருக்கு, கத்தறதைவிட ஒரு வயசான மனுஷன் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு. உங்க பேப்பர்ல என்ன எழுதியிருக்கீங்கன்னு பாருங்க.

அப்புறம் எல்லா ரிவ்யூவையும் சேத்து நூத்துக்கு இத்தனைன்னு ஒரு நம்பர் போடற மெட்டாக்ரிட்டிக் மாதிரி சைட்டுங்க இருக்கு. அந்த நம்பரைப் பாக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒருத்தர் 90, ஒருத்தர் 50 குடுத்தா சராசரி 70 வரும், அந்த 70-ங்கற அபிப்பிராயம் யாருக்குமே இருந்திருக்காது. நம்பரைப் பாத்ததும் அதுல மேல இருக்கற ஒண்ணையும் கீழ இருக்கற ஒண்ணையும் முழுசா படிங்க, நடுவுல இருக்கறதை விட்டுடலாம்.

வந்த உடனே எழுதின ரிவ்யூவையும், பத்து வருஷம் கழிச்சு எழுதினதையும் பக்கத்துல வெச்சுப் படிக்கறதும் நல்லது. அன்னைக்கு இதுதான் கடைசி ஆல்பமான்னு யாருக்கும் தெரியாது. 2016-ல இந்த '13' ரெக்கார்டிங்ல மிச்சமான நாலு பாட்டை தி எண்ட்னு ஒரு சின்ன ரெக்கார்டா கச்சேரி நடக்கற எடத்துல மட்டும் வித்தாங்க, 2017 பிப்ரவரி 4-ம் தேதி பர்மிங்காம்லயே டூரை முடிச்சாங்க. 2025 ஜூலை 5-ம் தேதி ஆஸ்டன்ல வில்லா பார்க் மைதானத்துல ஒரு கடைசி கச்சேரி, அதுல பில் வார்ட் திரும்பி வந்தார், நாலு பேரும் ஒண்ணா வாசிச்சாங்க, ஓஸி நிக்க முடியாம சிம்மாசனம் மாதிரி ஒரு நாக்காலில உக்காந்தே பாடினார். பதினேழு நாள்ல, ஜூலை 22-ம் தேதி, 76 வயசுல போயிட்டார். இனிமே லிவ் ஃபாரெவரை யார் ரிவ்யூ எழுதினாலும் 2013-ல எழுதின மாதிரி எழுத முடியாது.

கடைசியா ஒண்ணு பண்ணுங்க

ஒரு பிளேலிஸ்ட் போடுங்க, ரெண்டே பாட்டு. முதல்ல '13'-ல எட்டாவதா வர்ற டியர் ஃபாதர். அதுக்கு அடுத்து 1970 ஆல்பத்தோட முதல் பாட்டு. டீலக்ஸ் வெர்ஷன்ல எட்டாவது முடிஞ்சதும் கூடுதல் பாட்டுங்க வந்து விழுந்துடும், அதனாலதான் முதல்லயே வேண்டாம்னேன். லைட்டை அணைச்சிட்டு ஹெட்போன் போட்டுக்கோங்க. டியர் ஃபாதர்ல கிதார் நின்னதும் இடி இடிக்கும், மழை பெய்யும், தூரத்துல மணி அடிக்கும், அப்படியே கரைஞ்சு அடங்கும். ஒரு நொடி ஒண்ணும் இருக்காது. அப்புறம் அடுத்த பாட்டு ஆரம்பிக்கும், அதே மழை, அதே மணி, இந்தத் தடவை அது 1970, நாலு பேருக்கும் இருபத்திச் சொச்சம் வயசு, ஐயோமி இன்னும் அந்த மூணு ஸ்வரத்தை வாசிக்கல.